வண்டியில் ஏறிய ஓடம்

ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும் என்பது நம் ஊர்ப் பழமொழி. மிச்சிகனில் எங்கள் தெருக்கோடி வீட்டு ஓடம் வண்டியில் ஏறி, ஒன்பது வருஷம் இறங்கும் வழியைக் காணாமல் கிடந்தது.

அதன் சொந்தக்காரரை நாங்கள் கேப்டன் என்போம். மிச்சிகனில் 11,000-க்கு மேல் ஏரிகள் இருப்பதால் கேப்டன்களுக்கும் பஞ்சமில்லை. தெருவுக்கு ஒருவராவது தேறுவார். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கார் பனியில் நனையும், படகு கராஜுக்குள் தூங்கும். எங்கள் கேப்டனின் படகு என்னவோ 17 அடிதான். டிரெய்லரின் மூக்கையும் சேர்த்தால் 20 அடியைத் தாண்டிவிடும். அதனால் கராஜ் கதவு பாதியில் நிற்கும், மீதிப் பாதிக்கு நீலத் தார்ப்பாய். ஜனவரி மாதக் காலையில் கார்க் கண்ணாடியில் உறைந்த ஐஸைச் சுரண்டிக்கொண்டிருப்பவர் கேப்டன் அல்ல, அவர் மனைவி.

படகு லேசுப்பட்டதல்ல. 1950-களில் கட்டிய கிரிஸ்-கிராஃப்ட். செயின்ட் கிளேர் ஆற்றங்கரையில் அல்கோனாக் என்ற சிற்றூரில், வாத்து வேட்டைக்காரர்களுக்குப் படகு கட்டிக்கொடுக்க ஆரம்பித்தவர் கிறிஸ் ஸ்மித். அவர் வளர்த்த கம்பெனிதான் இது. முழுப் பெயர் கிறிஸ்டோபர் கொலம்பஸ் ஸ்மித். அப்படியொரு பெயரை வைத்துக்கொண்டு மனிதர் மளிகைக் கடையா போட முடியும்? 95 குதிரைசக்தி, ஆறு சிலிண்டர் எஞ்சின், முகம் பார்க்கக்கூடிய மரப்பலகை. பிறகு ஃபைபர்கிளாஸ் வந்து மரப்படகுகளையெல்லாம் கொல்லைக்குத் துரத்தியது. அந்தக் கொல்லைகளில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருக்கும் படகுகளைத் தேடிப் பிடிப்பதுதான் கேப்டன்களின் பிறவிப்பயன்.

முதல் சந்திப்பில், “மஹாகனி!” என்று பலகையைத் தடவிக் காட்டினார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “பிலிப்பைன் மஹாகனிதானே? அதற்கும் நிஜ மஹாகனிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நிஜ மஹாகனி எங்கள் ஊர் வேப்பமரத்துக்குப் பங்காளி” என்று தாவரவியல் பேசினேன். ஒரு மாதத்துக்கு என்னைப் பார்த்தும் கை அசைக்கவில்லை.

வார்னிஷ் பருவம் வந்தால் தெருவே அடங்கிப்போகும். பத்துப் பன்னிரண்டு பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு அடுத்தது. தூசி ஆகாது என்பதால் அன்றைக்குப் புல் வெட்டவேண்டாம் என்று வீடு வீடாக வந்து கெஞ்சுவார். மனிதர்கள் கேட்டுக்கொண்டார்கள். கொசு கேட்கவில்லை. ஆறாம் பூச்சில் வந்து உட்கார்ந்த ஒன்று இன்றும் அங்கேயே இருக்கிறது, சிறகு கலையாமல். அதைச் சுரண்டி எடுத்தால் ஐந்தாம் பூச்சும் போய்விடுமாம்.

இதையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே செய்தார். அவரைச் சாய்த்தது டிரெய்லர்.

படகு அவருக்குச் சும்மாதான் கிடைத்தது. “இழுத்துக்கொண்டு போனால் போதும்” என்றாராம் கொடுத்தவர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்பிரிங் பட்டைகள் துருவில் ஒட்டி ஒரே பட்டையாகியிருந்தன. சக்கரத்தில் ஐந்து நட்டுகள். மூன்று கழன்றன, இரண்டு உடைந்தன.

அப்புறம் விளக்கு. டிரெய்லருக்குப் போவது நாலே நாலு ஒயர். பழுப்பு பின்விளக்குக்கு, மஞ்சள் இடதுக்கு, பச்சை வலதுக்கு, வெள்ளை எர்த். குழந்தைகூடப் போட்டுவிடும். ஆனால் ஞாயிறு தோறும் நாங்கள் பார்த்த நாடகம் இது. மனைவி காரில், கேப்டன் டிரெய்லருக்கு அடியில்.

“பிரேக்கை அழுத்து!”

“அழுத்தியாச்சு.”

“பின்விளக்கு எரிகிறதே! பிரேக் என்றேன்!”

“பிரேக்தான்.”

“சரி, இடது போடு!”

“போட்டாச்சு.”

“ரெண்டு பக்கமும் மங்கலாக எரிகிறது. நீ எதைப் போட்டாய்?”

“வீட்டில் அடுப்பைப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன், அணைக்கப் போகிறேன்.”

எர்த் துருவேறிய இரும்பில் பிடிக்காவிட்டால் இப்படித்தான் ஒன்றுக்கு ஒன்று எரியும். அந்த ஒற்றை வெள்ளை ஒயரைக் கண்டுபிடிக்க இரண்டு கோடைகள் போயின. அந்த அம்மாள் கோவில் கட்டிக் கும்பிட வேண்டியவர்.

பேரிங் பற்றி அவரிடம் கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன், சாம்பார் அடிப்பிடித்தது. நெடுஞ்சாலையில் ஓடி வந்த சக்கரத்தின் குடம் சூடாக இருக்கும். அதை அப்படியே குளிர்ந்த ஏரிக்குள் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கினால் சீலைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சும். கிரீஸ் மோர் மாதிரி வெளுத்துவிடும், அப்புறம் துரு. “படகு தண்ணீருக்காகச் செய்தது. டிரெய்லர் தண்ணீரில் இறங்கியே ஆகவேண்டும், ஆனால் அதற்குத் தண்ணீர் ஆகாது” என்றார். ஒன்பது வருஷத்தில் அவர் சொன்னவற்றில் எனக்கு மறுக்க எதுவும் கிடைக்காத ஒரே வாக்கியம்.

போன ஜூனில் தெருவே அவர் நண்பரின் ஏரிக்கரைக்குத் திரண்டது. டிரெய்லரோடு பின்பக்கமாகச் சரிவில் இறக்கினார். பலகை இடுக்குகளிலெல்லாம் தண்ணீர் பீறிட்டு உள்ளே போனது.

“ஏங்க, படகு முழுகுதுங்க!” என்று கத்திவிட்டாள் என் மனைவி.

“முழுகவில்லை. ஊறுகிறது” என்றார் கேப்டன், முகத்தில் சலனமே இல்லாமல்.

நிஜம்தான். வருஷக்கணக்கில் காய்ந்து சுருங்கிய பலகை, தண்ணீர் குடித்து உப்பினால்தான் இடுக்கு அடைபடும். நாம் உளுந்தை ஊறப்போடுகிற கணக்கு. ராத்திரி முழுக்க டிரெய்லர் மேலேயே படகு ஊறியது. பம்பு தண்ணீரை இறைத்தது. கேப்டன் மடக்கு நாற்காலியில் விழித்திருந்தார். விடிந்தபோது படகு மிதந்தது. எஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அவர் மனைவி முன்சீட்டில் உட்கார்ந்து, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக எதையும் அழுத்தாமல், ஏரியைச் சுற்றி வந்தார்.

ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறியது டிரெய்லரும்தான். பேரிங் போயே போய்விட்டது. இப்போது படகு நண்பரின் துறையில் கட்டிக் கிடக்கிறது. கராஜில் டிரெய்லர் மட்டும், சக்கரம் கழற்றி, செங்கல் மேல். கார் இன்னும் வெளியேதான்.

உங்களுக்கும் யாராவது பழைய படகு சும்மா தருகிறேன் என்றால் படகைப் பார்க்காதீர்கள், மயங்கிவிடுவீர்கள். டிரெய்லரின் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் கேட்டால் ஒரு நன்றி சொல்லிவிட்டு வந்த வழியே நடையைக் கட்டுங்கள்.