கோடைக் கணக்கு

தொண்ணூறுகளின் கடைசியிலும் அதற்கடுத்த பத்தாண்டிலும் ஸ்காபரோவில் நாங்கள் ஜூலை முதலாம் திகதியை இரண்டு காரணங்களுக்காகப் பார்த்திருந்தோம். அன்று கனடா நாள், வேலைக்கு விடுமுறை. ஒப்பந்தம் முடிந்த என்பிஏ கூடைப்பந்து வீரர்கள் மற்ற அணிகளோடு பேரம் பேசத் தொடங்குவதும் அன்றுதான். எல்லாரும் பூங்காவில் இறைச்சி வாட்டிக்கொண்டிருக்க, அண்ணை மட்டும் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை மடியில் வைத்திருப்பார். பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் 'போனவர்', வலப்பக்கம் 'வந்தவர்'. இரண்டையும் ஒப்பிட்டு, ரொறன்ரோ ராப்டர்ஸ் அடுத்த வசந்தத்தில் பிளேஓஃப் போகுமா போகாதா என்று சொல்லுவார்.

இடப்பக்கம்தான் முதலில் நிரம்பும். 1998இல் டேமன் ஸ்டூடமயர். 2000இல் ட்ரேசி மக்ரேடி ஒர்லாண்டோவுக்கு. 2004 டிசம்பரில் வின்ஸ் காட்டர் நியூ ஜெர்சிக்கு. அவருக்கு ஈடாக வந்தவர்களில் பெரிய பெயர் அலோன்சோ மோர்னிங். அவர் ரொறன்ரோவுக்காக ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. 2010இல் கிறிஸ் பொஷ் மயாமிக்கு.

"குளிரெண்டு சொல்லுவினம், வரியெண்டு சொல்லுவினம். தோக்கிற இடத்தில ஆரடா நிப்பான்?" என்பார் அண்ணை.

வேறு வழியில்லாமல் வந்து சேர்ந்து, பிறகு விரும்பி நாங்கள் வேரூன்றிய நகரம் இது. அதை வேண்டாம் என்று ஒருவர் போகும்போது எங்களுக்கு நெஞ்சில் பட்டது. அதனால்தான் 2018 ஜூலை 18ஆம் திகதி அத்தனை பேருக்கும் வலித்தது. டிமார் டிரோசன் ஒன்பது பருவம் இங்கே ஆடியவர். 2016இல் ஒப்பந்தம் முடிந்தபோது வேறெந்த அணியையும் சந்திக்காமலே இங்கே மறுபடி கையெழுத்திட்டவர். போகமாட்டேன் என்று நின்ற அவரை நிர்வாகமே சான் அன்டோனியோவுக்கு அனுப்பியது. கூடவே யாக்கோப் பேர்ட்டில் என்ற இளம் நடுவீரரும் போனார். வந்தவர்கள் கவாய் லெனர்ட், டேனி கிரீன். கவாய் முந்திய பருவம் முழுவதிலும் காயத்தால் ஒன்பது ஆட்டம்தான் ஆடியிருந்தார். அவருடைய ஒப்பந்தத்தில் உறுதியாக மிச்சம் இருந்ததும் ஓராண்டுதான்.

இரண்டு பத்திகளை மட்டும் வைத்துப் பார்த்தால் அது இழப்பாகவே தெரிந்தது. ஆனால் அதே ஜூலையில் வேறொன்றும் நடந்தது. 2016, 2017, 2018 என்று மூன்று வசந்தங்களில் எங்களை வீட்டுக்கு அனுப்பிய லெப்ரோன் ஜேம்ஸ், கிளீவ்லண்டை விட்டு மேற்குப் பிரிவில் இருக்கும் லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டார். எங்கள் கிழக்குப் பிரிவில் அடைபட்டிருந்த வழி திறந்தது. எங்கள் அணிக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதிய கொப்பியில் அதற்கு இடமே இருக்கவில்லை. கோடைக்கால எதிர்வுகூறலில் பாதி, எதிராளியின் கோடைதான். டேனி கிரீனையும் அன்று பேரத்தோடு ஒட்டிவந்த ஆளாகவே பார்த்தார்கள். அவர் அந்தப் பருவத்தில் எடுத்த மூன்று புள்ளி எறிதல்களில் 45.5 விழுக்காட்டைக் கூடைக்குள் போட்டார். அணி 58 ஆட்டம் வென்றது. 2019 மே 12, பிலடெல்பியாவுக்கு எதிராக ஏழாவது ஆட்டம், கடைசி நொடி. மூலையிலிருந்து கவாய் எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை பட்டுத் துள்ளியது. அண்ணை சோபாவிலிருந்து பாதி எழும்பி, இருக்கவும் நிற்கவும் முடியாமல் அப்படியே நின்றார். பந்து உள்ளே விழுந்தது. 92-90. ஜூன் 13ஆம் திகதி ஓக்லண்டில் வாரியர்ஸை வென்று ராப்டர்ஸ் சாம்பியன்.

அடுத்த மாதமே கவாய் கிளிப்பர்ஸுக்குப் போனார், கிரீன் லேக்கர்ஸுக்கு. இனி இந்த அணி நடுத்தரம் என்று எழுதினார்கள். எனக்கு இன்றும் பிடித்த ஒரு எண் அந்த நேரத்தில் யார் கண்ணிலும் படக்கூடிய இடத்தில்தான் இருந்தது. சாம்பியன் பருவத்தில் கவாய் ஆடாமல் விட்ட 22 ஆட்டங்களில் அணி 17 ஆட்டம் வென்றிருந்தது. கைல் லௌரியும் பாஸ்கல் சியாக்கமும் பிரெட் வான்வ்லீட்டும் அவர் இல்லாமல் எப்படி வெல்வது என்பதை அவர் இருக்கும்போதே பழகிவிட்டார்கள். கொப்பிக்கு மூன்றாவது பத்தி ஒன்று வேண்டும் என்று நான் அண்ணையிடம் சொல்லத் தொடங்கியது அந்தக் கோடையில்தான். 'நிண்டவர்'. இருபத்தைந்து வயதில் நிற்பவன் அடுத்த ஆண்டு வேறு ஆள். 2019-20இல் 53 வெற்றி, 19 தோல்வி. வெற்றி விகிதத்தில் அணியின் வரலாற்றிலேயே அதுதான் உச்சம்.

ஒரு வருடம் கழித்து, 2020 இலையுதிர்காலத்தில், நடுவீரர்கள் மார்க் கசோலும் சேர்ஜ் இபாக்காவும் போனபோது கவாய்க்கு எழுந்த கூக்குரலில் நூறில் ஒரு பங்கும் எழவில்லை. கசோல் கடைசிப் பருவத்தில் ஆட்டத்துக்கு 7.5 புள்ளிதான் எடுத்தார். ஆனால் அவர் ஆடிய விதத்தை நேரே பார்த்தவர்களுக்குத் தெரியும். இலவச எறி கோட்டின் முனையில் பந்தோடு நிற்பார், அவரைச் சுற்றி நாலு பேர் வெட்டி ஓடுவார்கள், யாருக்கு இடம் கிடைக்கிறதோ அவர் கையில் பந்து இருக்கும். தடுப்பாட்டத்தில் எல்லாருக்கும் பின்னால் நின்று, யார் எங்கே நகரவேண்டும் என்று கத்திக்கொண்டே இருப்பார். 2019 நவம்பரில் பிலடெல்பியாவின் ஜோயல் எம்பீட் ரொறன்ரோவில் பதினொரு முறை எறிந்தும் ஒரு புள்ளிகூட எடுக்காமல் போனது பெரும்பாலும் கசோலின் தடுப்பால்தான். அவர் போனபின் வந்த பருவத்தில் அணி 27 ஆட்டம் வென்றது, 45 தோற்றது. கொவிட்டால் எல்லை மூடி, சொந்த ஆட்டங்களைக்கூட புளோரிடாவின் டம்பாவில் ஆடிய பருவம் அது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் நடுவில் இருந்த ஓட்டை டம்பாவால் வந்ததல்ல.

இப்போது பேரம் தொடங்குவது ஜூன் 30 மாலை ஆறு மணிக்கு. கொப்பி கிடையாது. மருமகனின் கைபேசியில் செய்தி வந்து விழுகிற அதே நேரத்தில் பிளேஓஃப் வாய்ப்பு விழுக்காடும் மாறுகிறது. முன்பு முதல் எட்டு இடத்துக்குள் வந்தால் போதும். இப்போது ஆறு அணிகளுக்குத்தான் நேரடி நுழைவு, ஏழு முதல் பத்துவரை உள்ளவர்கள் பிளே-இன் ஆடி வரவேண்டும். சம்பள உச்சவரம்பு, வரிக்கோடு, அதற்கு மேல் இன்னும் இரண்டு கோடுகள் என்று ஒரு கணக்காளருக்குரிய வேலையை அவன் பேருந்தில் போய்க்கொண்டே செய்கிறான். எங்களுக்கு ஒரு வாரம் எடுத்த விவரம் அவனுக்கு ஒரு நிமிடம். அது நல்லதுதான்.

2025 கோடையில் அவன் கேட்டான்: "மாமா, முப்பது ஆட்டம் வெண்ட அணி. பெரிசா ஆரும் வரேல்ல. எப்பிடி பிளேஓஃப் போவினம்?"

வந்தவர் பத்தியில் அவன் எழுதாத பெயர் பிரண்டன் இங்கிரம். பெப்ரவரியிலேயே வாங்கிவிட்டார்கள், கணுக்கால் காயத்தால் ஒரு ஆட்டமும் ஆடவில்லை, மூன்று ஆண்டுக்கு 120 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தமும் நீட்டியாயிற்று. குவிக்லி, பரட், இங்கிரம், பார்ன்ஸ், பேர்ட்டில் என்ற தொடக்க ஐவரும் அதுவரை சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை என்பதால் கைபேசி அவர்களைத் தனித்தனியாகத்தான் கூட்டியது. எதிராளியின் கோடையோ 2018ஐப் போலவே இருந்தது. பொஸ்டனின் டேட்டமுக்கும் இந்தியானாவின் ஹாலிபர்ட்டனுக்கும் குதிகால் தசைநாண் அறுந்திருந்தது. ஒர்லாண்டோவும் அட்லாண்டாவும் வலுத்திருந்தன, அதை மறைக்க முடியாது.

அன்று என் பயம் வேறு. இங்கிரம், பரட், பார்ன்ஸ் மூவருக்கும் பந்து கையில் வேண்டும், மூவருமே தூரத்திலிருந்து எறிவதைவிட உள்ளே புகுவதை விரும்புகிறவர்கள். இடம் நெருக்கும். அந்த நெருக்கத்தைச் சமாளிக்கிறவர் பேர்ட்டில்தான். டிரோசனோடு போய், 2023இல் திரும்பி வந்த அதே பேர்ட்டில். ஆள்மறித்து வழிவிடுவார், சிதறும் பந்தைப் பொறுக்குவார், அவருக்குப் பின்னால் சரியான மாற்று நடுவீரர் இருக்கவில்லை. புதிதாக எடுத்த மரி-பொயில்ஸ் துணிச்சலான பொடியன், ஆனால் ஆறடி ஏழங்குலம்.

"அப்ப எத்தினையாவது இடம்?" என்றான்.

"பேர்ட்டில் அறுபத்தைஞ்சு ஆட்டம் ஆடட்டும், ஆறாவது. அவர் ஐம்பதோட நிண்டா ஒன்பதாவது, பிளே-இன்."

"என்ர போன் பேர்ட்டில இவ்வளவு பெரிசா எடுக்கேல்ல."

"அவர் பந்து எறியிறேல்லயெல்லோ, அதான்" என்றேன். நவம்பர் ஆட்டமொன்றுக்கு மூன்று ரிக்கெற் எடுக்கச் சொன்னேன், கூடைக்குப் பின்பக்க இருக்கையாகப் பார்த்து. அங்கிருந்து பார்த்தால்தான் நடுவீரர் செய்கிற வேலை தெரியும்.