எஞ்சின் இல்லாத வாகனமும் எண்ணிறந்த கேள்விகளும்

கேள்வி: கிளைடர் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்?

பதில்: விமானி குடிக்கும் தண்ணீரைத்தானே கேட்கிறீர்கள்? சுமார் நூறு.

கேள்வி: எஞ்சினே இல்லாத ஒன்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறக்கிறதென்றால், அது காற்றின் கருணையா, விமானியின் சாமர்த்தியமா?

பதில்: விமானி அன்று காலையில் என்ன செய்தார் என்பதைப் பொறுத்தது. நமது தெருவில் வடாம் பிழியும் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். விடியற்காலையில் மொட்டை மாடிக்கு வந்து, கீழ்த்திசையை ஒருமுறை நோக்கி, முந்தானையை உயர்த்திக் காற்றின் போக்கை அறிந்து, துளசி இலையில் பனித்துளி தங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பின்னரே, மாவைக் கிளறுவதா வேண்டாமா என்று அவர் தீர்மானிப்பார். அந்தத் தீர்மானம் பிழைத்து நாம் கண்டதில்லை. நாமோ, குடையை எடுத்த நாளில் வெயிலில் காய்ந்து, மறந்த நாளில் மழையில் நனைகிற ஜாதி.

கிளைடர் விமானி செய்வதும் மூதாட்டியின் காரியந்தான், கருவிதான் வேறு. பலூனில் ஏற்றி அனுப்பிய கருவி, உயரம் கூடக்கூட வெப்பம் எவ்வாறு குறைகிறதென்று தெரிவித்த வரைபடத்தை அவர் முன்னால் விரித்துக்கொள்கிறார். வெயிலில் சூடேறிய காற்று, மேலெழும்போது ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி குளிர்கிறது. சுற்றியுள்ள காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும்வரை ஏறும், சமமானதும் நின்றுவிடும். ஆதலால், தரை எவ்வளவு சுட்டால் தெர்மல் என்னும் அந்த வெப்பக் காற்றுத் தூண் எத்தனை உயரம் எழும், அந்தச் சூடு எத்தனை மணிக்கு வரும் என்பதையெல்லாம் காலைப் பலகாரத்துக்கு முன்பே காகிதத்தில் கணித்துவிடலாம். மேகத்தின் அடிவயிற்றுக்கோ இன்னும் சுலபமான கணக்கு: தரையிலுள்ள வெப்பநிலைக்கும், காற்றின் ஈரம் துளியாய்த் திரளத் தொடங்கும் பனிநிலைக்கும் உள்ள வித்தியாசத்தை 125-ஆல் பெருக்கினால், உயரம் ஏறக்குறைய மீட்டரில் வந்துவிடும். வெயில் 30 டிகிரி, பனிநிலை 14 டிகிரி என்றால் 2,000 மீட்டர். ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 40 மீட்டர் முன்னேறும் கிளைடருக்கு, அமைதியான காற்றில், அது 80 கிலோமீட்டர் ஆஸ்தி. புத்திசாலி அதில் பாதியைத்தான் செலவுக்கு எடுப்பார்.

மூதாட்டிக்கும் விமானிக்கும் ஒரே ஓர் அபிப்பிராய பேதம் உண்டு. துண்டு மேகமும் ஆகாதென்பார் அவர். பஞ்சுப்பொதி போன்ற சிறு திரள் மேகங்கள் வரிசையாக வேண்டுமென்பார் இவர், ஏனெனில் புதிதாய் முளைக்கும் பஞ்சு ஒவ்வொன்றும் அதன் கீழே தெர்மல் இருப்பதற்கு விளம்பரப் பலகை. அதே பஞ்சு மலையாக வளர்ந்து இடிக்கத் தொடங்கினால் இருவருமே ஓட வேண்டியதுதான். 1926-இல் ஜெர்மனியின் ரோன் மலைப்பகுதியில் மாக்ஸ் கேகல் என்பவரை இடிமேகமொன்று உறிஞ்சி உயரே கொண்டுபோய், சுமார் 55 கிலோமீட்டருக்கு அப்பால் உயிரோடு விட்டது. அக்காலத்தில் அது பெருஞ்சாதனை. ஆயினும் நாம் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டோம்.

கேள்வி: ராகு காலத்தில் தெர்மல் கிளம்புமா?

பதில்: ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை 4½ முதல் 6 வரை. தெர்மலும் ஏறக்குறைய அப்போதுதான் தளர்கிறது. சாஸ்திரத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் அன்றைக்கு விரோதமில்லை.

கேள்வி: சாதனை புரிந்தவர்கள் எல்லாரும் அதிர்ஷ்டசாலிகள்தானே?

பதில்: 1972 ஏப்ரல் 25-ஆம் தேதி ஹான்ஸ் வெர்னர் குரோஸ, ஜெர்மனியின் லூபெக்கிலிருந்து பிரான்சின் பியாரிட்ஸ் வரை, பின்காற்றின் துணையோடு 1,460 கிலோமீட்டர் பறந்தார். அந்தக் காற்று அன்று லூபெக்கில் எல்லார் வீட்டுக் கொடித் துணியையும் அசைத்தது.

கேள்வி: பருந்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாக. ஆக்ராவில் உத்தியோகம் பார்த்த ஹாங்கின் என்ற ஆங்கிலேயர், பறவைகளையே கவனித்துக் கவனித்து 1913-இல் ஒரு நூல் வெளியிட்டார். காலையில் இலேசான பருந்து முதலில் வட்டமிடும்; கனத்த பிணந்தின்னிக் கழுகு வெயில் ஏறிய பிறகே கிளம்பும் என்று கண்டவர் அவர். ஆகவே பருந்து எழுந்ததும் காப்பியை முடித்துக்கொள்ளலாம். கழுகு எழுந்ததும் கிளைடரை ஓடுபாதைக்குத் தள்ளலாம். காப்பியை முடிக்காமல் தள்ளுவதை நாம் எந்நாளும் ஆதரியோம்.

கேள்வி: வழியில் ஒரு தெர்மலையும் நான் விடுவதில்லை. இருந்தும் எல்லாரும் என்னை முந்திவிடுகிறார்களே?

பதில்: விடாததனால்தான். கண்ட கடையிலெல்லாம் இறங்கிக் கழுநீரைக் குடிப்பவன், கும்பகோணம் வரையில் பொறுத்திருந்து டிகிரி காப்பி குடிப்பவனுக்குப் பின்னால்தான் வந்து சேருவான். 1956-இல் பிரான்சில் நடந்த உலகப் போட்டியில் வென்ற அமெரிக்கர் பால் மெக்ரெடி இதைச் சூத்திரமாக்கினார்: அடுத்த தெர்மல் எத்தனை வலிமையாய் ஏற்றிவிடுமென்று எதிர்பார்க்கிறீர்களோ, அதற்குத் தக்கபடி இடைவழி வேகம். வலியது காத்திருந்தால் விரைக. வானம் மெலிந்திருந்தால் நிதானிக்க. அந்த எதிர்பார்ப்பு மேகத்தைப் பார்த்துப் பிறந்ததா, ஆசையில் பிறந்ததா என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

கேள்வி: என் மகள் கிளைடர் பயில்கிறாள். வெள்ளிச் சின்னத்துக்காக 50 கிலோமீட்டர் தனியே பறக்கப்போகிறாளாம். நடுவழியில் காற்று கைவிட்டால் என்ன ஆகும்? எனக்கு உறக்கம் வரவில்லை.

பதில்: அம்மா, இதற்கு நாம் விளையாட்டாக விடை சொல்லப்போவதில்லை. காற்று கைவிடும் நாள் வரத்தான் செய்யும். அதற்கென்றே அவளுக்குத் தனிப்பாடம் உண்டு. 2,000 அடிக்கு இறங்கியதும் இறங்கத்தக்க பிரதேசத்துக்கு மேலேயே நிற்கவேண்டும். 1,500 அடியில் வயலைத் தேர்ந்துவிட வேண்டும். 1,000 அடிக்குக் கீழே தெர்மலைத் தேடும் சபலத்தை அறவே விட்டு, இறங்குவதிலேயே கருத்தைச் செலுத்த வேண்டும். வயலின் நீளம், சரிவு, பயிரின் உயரம், மேயும் மாடுகள் எல்லாவற்றையும் மேலிருந்தே பார்க்கப் பழக்குவார்கள். மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது. கம்பத்தைத் தேடு என்பார்கள். வயலில் இறங்குவது அவமானமுமன்று. மிகச் சிறந்தவர்களும் இறங்கியிருக்கிறார்கள். அவளிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: வழியிலுள்ள வயல்களை வரைபடத்தில் பார்த்துவிட்டாயா, டிரெய்லரோடு வந்து அழைத்துவர ஆள் ஏற்பாடு செய்துவிட்டாயா என்று. இரண்டுக்கும் தயங்காமல் விடை வந்தால் நீங்கள் உறங்கலாம்.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீரே, உமக்குக் கிளைடர் ஓட்டத் தெரியுமா?

பதில்: தெரியாது. வடாம் காயும்போது காக்கை ஓட்டத் தெரியும்.