நாற்பதை ஒன்பதாக்கி மிச்சம் பிடிப்பது எப்படி?

முதல் வேலை, தப்பான துப்பாக்கியை வாங்குவது. இதில் கோட்டை விட்டால் மேற்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நேராகக் கடைக்குப் போய் 9 எம்எம் பிஸ்டல் வாங்கிவிடுகிற ஆளுக்கு இந்தக் கட்டுரையால் நயா பைசா பயனில்லை. அவர் மலிவான தோட்டாவை வாங்குவார், சுடுவார், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார். சிக்கனத்துக்காகப் பாடுபடும் சந்தோஷம் அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

நீங்கள் வாங்க வேண்டியது .40 கேலிபர். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இது சல்லிசாகக் கிடைக்கும். அதற்கு எஃப்பிஐக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். 1986 ஏப்ரலில் மயாமியில் இரண்டு வங்கிக் கொள்ளையர்களோடு நடந்த சண்டையில் எஃப்பிஐ ஆட்கள் இரண்டு பேர் செத்துப்போனார்கள். கொள்ளையரில் ஒருவன் உடம்பில் பாய்ந்த 9 எம்எம் குண்டு இதயத்தைத் தொடாமல் சற்று முன்னாலேயே நின்றுவிட்டது. அவன் அதற்குப் பிறகும் சுட்டுக்கொண்டிருந்தான். பழி குண்டின் மேல் விழுந்தது. பெரிய குண்டு வேண்டும் என்று 10 எம்எம் பக்கம் போனார்கள். அதன் உதை பலருக்குத் தாங்கவில்லை. மருந்தைக் குறைத்தார்கள். மருந்து குறைந்த பிறகு அவ்வளவு நீளக் கூடு எதற்கு என்று அதையும் வெட்டி, 1990-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் வின்செஸ்டரும் சேர்ந்து .40 தோட்டாவைக் கொண்டுவந்தார்கள். நாடு முழுக்கப் போலீஸ் துறைகள் நாற்பதுக்கு மாறின. 2014-ல் எஃப்பிஐயின் பயிற்சிப் பிரிவே, இப்போதைய 9 எம்எம் குண்டு போதும், உதை குறைவு, குறி தப்புவதும் குறைவு என்று எழுதிக் கொடுத்தது. துறைகள் மறுபடி ஒன்பதுக்குத் திரும்பின. கழித்துவிட்ட நாற்பதுகள் மூட்டை மூட்டையாகக் கடைக்கு வந்தன.

அப்படி வந்த கிளாக் 22 ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். உறையில் செருகிச் செருகி ஸ்லைடின் ஓரங்கள் வெளுத்திருக்கும். கழற்றினால் உள்ளே பேரல் புதுசாக மின்னும். பல வருஷம் இடுப்பில் தொங்கியதே தவிர, வருஷத்துக்குச் சில தடவை பயிற்சிக்குச் சுட்டதோடு சரி. இவ்வளவு நல்ல சாமான் இவ்வளவு மலிவா என்று மனசு துள்ளும். துள்ளட்டும். தோட்டா வாங்கப் போகும்போது அடங்கிவிடும்.

நாற்பதின் தோட்டா ஒன்பதைவிட விலை அதிகம். அதனால் பேரலை மட்டும் மாற்றி, அதே துப்பாக்கியில் 9 எம்எம் சுடுவதுதான் யோசனை. இப்போது கணக்கு. விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் வசதியான எண்களாக வைத்துக்கொள்வோம். ஐம்பது தோட்டாப் பெட்டி, 9 எம்எம் என்றால் 14 டாலர், .40 என்றால் 19. பெட்டிக்கு 5 டாலர் லாபம். மாற்றுப் பேரல் 150 டாலர். ஒன்பதுக்கென்று மேகசின் மூன்று, 75. ஆக 225 டாலர் முதலீடு. இதை மீட்க 45 பெட்டி, அதாவது 2,250 தோட்டா சுட வேண்டும். அந்த 45 பெட்டிக்கு நீங்கள் கொடுக்கப்போவது 630 டாலர். சுடுதளத்தின் மணிக் கட்டணம் தனி, காது மூடி தனி. 225 டாலர் மிச்சம் பிடிக்க 630 டாலர் செலவு என்கிற இடத்தில் வீட்டில் யாராவது புருவத்தை உயர்த்தினால் அசரக்கூடாது. “நாற்பதாக இருந்தால் 855 ஆகியிருக்கும்” என்று பதில் சொல்ல வேண்டும். “சுடாமலே இருந்தால்?” என்று கேட்டால் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது உத்தமம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இப்படி மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்துச் சொன்னது இல்லை என்று யாரும் நிரூபிக்கவில்லை.

மாதம் ஒரு பெட்டி சுடுபவருக்கு முதல் திரும்ப மூன்றே முக்கால் வருஷம் ஆகும். அதற்குள் 2020 மாதிரி ஒரு வருஷம் வந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். அந்த வருஷம் பெருந்தொற்றும் கலவரமும் தேர்தலும் ஒன்றாக வந்ததில் 9 எம்எம் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது; பல கடைகளில் ஆளுக்கு ஒன்றிரண்டு பெட்டி என்று ரேஷனில் அளந்து கொடுத்தார்கள்.

பேரல் வாங்குவது சுலபம். 1968-ம் வருஷச் சட்டப்படி அமெரிக்காவில் துப்பாக்கி என்பது வரிசை எண் பொறித்த ஃபிரேம்தான். மற்றதெல்லாம் உதிரி பாகம். அதனால் பெரும்பாலான மாநிலங்களில் பேரல் சாதாரணப் பார்சலாக வீட்டு வாசலுக்கே வரும். (நம்மூரில் யாரும் இதைப் படித்துவிட்டு ஆசைப்பட வேண்டாம். 9 எம்எம் பிஸ்டல் இங்கே பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட ரகம், உரிமம் கிடைத்தாலும் .32 போன்றவைதான்.)

வாங்கும்போது பெட்டியில் ‘கன்வெர்ஷன்’ என்று போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 9 எம்எம் ரகமான கிளாக் 17-ன் சாதாரணப் பேரலை வாங்கி வந்து கிளாக் 22-ல் போட்டால் லொடலொடவென்று ஆடும். நாற்பதின் பேரல் வெளியே பருமன். ஸ்லைடின் ஓட்டையும் அதற்கேற்ற அகலம். மாற்றுப் பேரல் வெளியே நாற்பதின் பருமனும் உள்ளே ஒன்பதின் துளையுமாகக் கடைந்தது. பெரியதைச் சிறியதாக்கலாம், சிறியதைப் பெரியதாக்க முடியாது. ஒன்பது வைத்திருப்பவர் நாற்பதுக்கு ஏங்கினால் பேரலோடு ஸ்லைடையும் மாற்ற வேண்டும். அப்படி ஏங்குபவரை நான் பார்த்ததில்லை.

மாற்றுவது ஒரு நிமிஷ வேலை. மேகசினைக் கழற்றி, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, ஸ்லைடை உருவி, ஸ்பிரிங்கை எடுத்து, பேரலை மாற்றி மறுபடி பூட்ட வேண்டியதுதான். ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டதே என்று வருத்தப்பட வேண்டாம். மிச்ச வேலை சுடுதளத்தில் காத்திருக்கிறது.

நாற்பதின் தோட்டா அடிவிளிம்பு 10.8 எம்எம்; ஒன்பதினுடையது ஏறத்தாழ 10. சுட்ட கூட்டை இழுத்து வெளியே எறியும் கொக்கி நாற்பதுக்காக அளவெடுத்தது. அந்த இடைவெளியைப் பெரும்பாலும் அது சமாளித்துக்கொள்ளும். சமாளிக்காத நேரத்தில் கூடு வலப்பக்கம் பறக்காமல் நேராக உங்கள் நெற்றிக்கு வரும், அல்லது சட்டைக் காலருக்குள் விழும். சுட்ட சூடு ஆறாத பித்தளை முதுகில் இறங்கும்போது கையில் துப்பாக்கியோடு குதிக்கக்கூடாது என்பது அங்கே முதல் விதி. அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது, ஒன்பதுக்கான கொக்கியும் எஜெக்டரும் தனியாக வாங்குவது. கணக்கில் இன்னும் சில பெட்டி ஏறும். குறியும் பழைய இடத்தில் இருக்காது. கொஞ்சம் தள்ளிப் போகும். பேரலைத் திட்டிவிட்டுப் புது சைட் வாங்கலாம்.

இன்னும் மலிவாக வேண்டுமென்றால் .22 இருக்கிறது. அதற்குப் பேரல் மட்டும் போதாது. அதன் வெடிக்கு உங்கள் கனமான ஸ்லைடு அசையாது. ஊசியும் நடுவில் அல்ல, விளிம்பில் குத்த வேண்டும். அதனால் லேசான ஸ்லைடு, பேரல், மேகசின் எல்லாம் சேர்ந்த முழு செட் வரும். பல பேருக்கு அதுவே ஒரு புது .22 பிஸ்டலின் விலைக்கு வந்து நிற்கும்.

கடைசியில் பையில் என்ன இருக்கும் என்று பாருங்கள். இரண்டு பேரல், இரண்டு ரக மேகசின், இரண்டு ரக தோட்டா. ஸ்லைடில் 40 என்று எழுதியிருக்கும், உள்ளே 9 இருக்கும். அல்லது உள்ளேயும் 40 இருக்க, கை ஒன்பதின் பெட்டிக்குப் போகும். நாற்பது ஒன்பதின் பேரலுக்குள் நுழையாது, தப்பித்தோம். ஒன்பது நாற்பதின் பேரலுக்குள் சுகமாக இறங்கிவிடும், சில சமயம் வெடிக்கவும் செய்யும். கூடு பக்கவாட்டில் உப்பி, நெடுக்கக் கிழிந்து வெளியே வரும். குண்டு துளையைப் பிடிக்காமல் தன் இஷ்டத்துக்குப் போகும். வாயு பின்னால், உங்கள் முகத்துப் பக்கம் வரும்.

பழைய நாற்பது, மாற்றுப் பேரல், மேகசின், கொக்கி, சைட் எல்லாவற்றையும் கூட்டினால் நல்ல 9 எம்எம் பிஸ்டல் ஒன்றின் விலையைத் தாண்டிவிடும். வாங்குவதே சுகம் என்று தெரிந்து வாங்குபவரை நான் தடுக்கவில்லை. மிச்சம் என்ற பேச்சு மட்டும் வேண்டாம். ஆனால் இது கேலி இல்லை: ஒவ்வொரு முறையும் சுடும் முன் பேரலில் பொறித்த எண்ணையும் தோட்டாவின் அடியில் பொறித்த எண்ணையும் படித்து ஒப்பிட்டுப் பாருங்கள்.