பதினொண்ணுக்குப் போறியா, பத்துலயே இருக்கியா?

பூண்டுலோயா டவுன்ல ஒரு கொமினிகேஷன் கடை, ஒரு பழைய கம்பியூட்டர், ஒரு பிரிண்டர். இத வச்சுக்கிட்டு நீ படுற கவலையப் பாத்தா, தோட்டத்தையே தோத்த துரைகூட இப்படி மொகத்தத் தொங்கப் போட்டிருக்க மாட்டாரு தம்பி. விண்டோஸ் 10ல இருந்து 11க்கு மாறணுமா வேணாமான்னு கேக்குற. அதுவும் யாருகிட்ட? தேயிலை ஸ்டோர்ல ரோலர் சத்தத்துல காது அடைச்சுப்போன கெழவன்கிட்ட. பரவால்ல. படிச்சவங்க எல்லாரும் பதில் சொல்லி முடிச்சு, அதுல ஒண்ணும் உனக்குப் புடிக்காமத்தானே இங்க வந்திருக்க? உக்காரு.

நம்ம கொத்மலைக்கு இன்டர்நெட் மொதல்ல எதுல வந்திச்சு தெரியுமா? ரேடியோவுல. 1989ல மகாவலித் திட்டத்த ஒட்டித் தொடங்கின கொத்மலை சமூக வானொலி, 1990கள் முடியிற நேரத்துல யுனெஸ்கோ உதவியோட ஒரு காரியம் செஞ்சிச்சு. சனங்க கேள்வி அனுப்புவாங்க. நிலையத்துல இருக்கிறவங்க இன்டர்நெட்ல தேடிப் பாத்து, ஆளுங்களக் கூப்பிட்டு வச்சு, ரேடியோவுல விளக்கிச் சொல்லுவாங்க. பெரும்பாலும் சிங்களத்துலதான், ஆனா வெளிநாட்டுக்காரங்ககூட வந்து பாத்து எழுதிட்டுப் போனாங்க. கேட்டவங்கள்ல ஒருத்தருக்காவது அந்த மிசின்ல ஓடுறது 95ஆ 98ஆன்னு கவலை இருந்திச்சா? கேட்டதுக்குப் பதில் வந்திச்சான்னுதான் பாத்தாங்க. அதனால நானும் ஒண்ணு கேக்குறேன். உன் மிசின் உனக்கு என்ன வேலை செய்யுது?

ஓ.எல். ரிசல்ட் பாத்துக் குடுக்குது. அடையாள அட்டைக்கு ஃபோம் எடுத்துக் குடுக்குது. மாரியம்மன் திருவிழா நோட்டீஸ் அடிக்குது. ஆளில்லாத நேரத்துல சினிமாப் பாட்டு பாடுது. இதுக்கு 10 போதும். சொல்லப்போனா 7கூடப் போதும். போதாதுன்னு சொல்றது மைக்ரோசொப்ட்காரன் மட்டுந்தான்.

அவங்க கணக்கே தனி. 8க்கு அப்புறம் 10. நடுவுல 9 எங்க போச்சுன்னு நம்ம கணக்கப்பிள்ளையால மட்டுந்தான் சொல்ல முடியும். 2012ல 8 வந்தப்ப ஸ்டார்ட் பொத்தானையே தூக்கிட்டாங்க. சனம் கத்தினதும் அடுத்த வருசம் 8.1ல திருப்பி வச்சாங்க. 2015ல, அவங்க ஆளே ஒருத்தர் மேடையில நின்னு, 10தான் கடைசி விண்டோஸ்னு சொன்னாரு. 2021 அக்டோபர்ல 11 வந்திருச்சு. வெளிநாட்டுல இதுக்கு ஆச்சரியப்பட்டாங்களாம். எலக்சன் மேடைக்குக் கீழ நின்னு ஏழு பேர்ச் காணிக் கதை கேட்டு வளந்த நமக்கு என்ன ஆச்சரியம்?

அப்ப பேசாம இருந்துருவோமான்னு சிரிக்காத. சிரிப்புக்கு ஒரு திகதி இருக்கு: 2025 அக்டோபர் 14. அன்னைக்கோட 10க்கு வழக்கமான ஓசிப் பாதுகாப்பு முடிஞ்சிச்சு. மிசின் நிக்காது, அடுத்த நாளும் ஓடும். அதுதான் ஆபத்து. புதுசா ஒரு ஓட்டை கண்டுபுடிச்சா தானா அடைக்க ஆள் வராது. ஓட்டை இருக்குன்னு திருடனுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கும். 2017ல வானாகிரைன்னு ஒண்ணு வந்து பைலையெல்லாம் பூட்டிப் போட்டு டொலர் கேட்டிச்சே, இங்கிலாந்துல ஆஸ்பத்திரிங்க நோயாளிகளத் திருப்பி அனுப்பிச்சே, ஞாபகம் இருக்கா? அடிச்சது மே 12. ஓட்டைய அடைக்கிற அப்டேட் மார்ச் மாசமே வந்திருச்சு. ரெண்டு மாசமா அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போட்டவன்தான் மாட்டினான்.

சரி, அப்ப வந்த அன்னைக்கே போட்டுருவோம்னு குதிப்ப. அதுக்கும் கதை இருக்கு. 2018 அக்டோபர்ல 10க்கே பெரிய அப்டேட் ஒண்ணு விட்டாங்க. மொதல் ஆளாப் போட்டவங்கள்ல சில பேருக்கு டொகியூமென்ட் பெட்டியில இருந்த பைலே காணாமப் போச்சு. கம்பனி அவசர அவசரமா நிப்பாட்டி, நவம்பர்ல திருத்திக் குடுத்திச்சு. நல்லது கெடுதியத் தாண்டி இதுல ஒரு வரிசை இருக்கு தம்பி. மொதல் ஆளாப் போறவன் கம்பனிக்குச் சம்பளமில்லாம வேலை பாக்குறான். கடைசி ஆளா நிக்கிறவன் திருடனுக்கு வேலை குடுக்குறான். நீ நடுவுல நில்லு. 11 வந்து வருசக்கணக்காச்சு, இப்பப் போனா நீ மொதல் ஆளு இல்ல.

ஆனா எப்படிப் போறதுங்கிறத மலையப் பாத்துக் கத்துக்க. தலவாக்கலை சென் கூம்ஸ்ல இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையம் டீ.ஆர்.ஐ. 2025ன்னு, குச்சி வெட்டி வளக்குற வீ.பி. ரகம் ஒண்ணு குடுத்திச்சு. கொழுந்து அள்ளிக் குடுக்கும். அதுக்காகப் புத்தியுள்ள துரை தோட்டம் முழுக்க ஒரே நாள்ல பழைய தேயிலையப் புடுங்க மாட்டாரு. ஒரு மலைத் தேயிலையப் புடுங்கி, குவாட்டமாலாப் புல்லு போட்டு மண்ண ஆற வச்சு, அப்புறந்தான் கன்னு வைப்பாரு. மத்த மலையில கொழுந்து எடுத்துக்கிட்டே இருக்கும். பழைய விதைத் தேயிலைக்கு ஆணிவேரு ஆழம், கோடையத் தாங்கும். புது வீ.பி. ரகங்கள்ல பலதுக்கு வெளச்சல் ஜாஸ்தி, மழை பொய்ச்சா வாடும். அதே மாதிரி நீயும் கடையில பொழப்ப ஓட்டுற மிசின இன்னைக்கே தொடாத. பின்னால கேம் வெளையாட ஒண்ணு வச்சிருக்கியே, அதுல மொதல்ல போடு. என் கண்ணு மங்கல்தான், அது தெரியாத அளவுக்கு இல்ல.

போடுறதுக்கு முன்னாடி மிசினோட சாதகத்தப் பாரு. பீசீ ஹெல்த் செக்னு மைக்ரோசொப்டே ஓசியா ஒண்ணு குடுக்குது; 11 ஏறுமா ஏறாதான்னு சொல்லும். இன்டெல்னா பொதுவா எட்டாந் தலைமுறை இல்லன்னா அதுக்கு மேல, டீ.பீ.எம். 2.0, 64 ஜீபீ எடம் வேணும். ராம் 4 ஜீபீ போதும்னு எழுதியிருக்கு. எழுதினவன் அதுல வேலை பாத்திருக்க மாட்டான், நீ 8 இல்லாமப் போகாத. டீ.பீ.எம். இல்லன்னு காட்டினா ஒடனே புது போர்டு வாங்க ஓடாத. பல மிசின்ல அது பயோஸ்ல அணைச்சே கெடக்கும், எழுப்பி விட்டா எழும்பும். அப்புறம், ஒழுங்கான 10 வச்சிருந்தா 11 சும்மாவே கெடைக்கும். உன்னோட 10 காசு குடுத்து வாங்கினதான்னு நான் கேக்க மாட்டேன். நீயும் மூஞ்சியத் திருப்பிக்காத.

மிசின் ஏறாதுன்னா ரெண்டு வழி. ஒண்ணு, 10க்கே பாதுகாப்பு நீட்டிப்பு. வீட்டுப் பாவனைக்கு 2026 அக்டோபர் 13 வரை குடுக்குறாங்க. மைக்ரோசொப்ட் கணக்குல நுழைஞ்சு செட்டிங்ஸ அவங்ககிட்ட சேமிச்சு வச்சா சும்மா. இல்லன்னா 30 டொலர். டொலர் 300 ரூபான்னு போட்டா 9,000. 2024ல 1,350ன்னு வச்ச தோட்ட நாட்சம்பளத்துல உங்க அம்மாவுக்கு ஆறேழு நாள் பேரு. கொழுந்துக் கூடையில நிறுத்துப் பாத்துட்டு முடிவெடு. கடைக் கணக்குல எழுதினா அது வேற விலை, ஏறிக்கிட்டே போகும்.

ரெண்டாவது லினக்ஸ். சிரிக்காத. தமிழ்நாட்டுல அரசாங்கத்தோட எல்கொட் நிறுவனமே 2000கள்ல அதுக்கு மாறிச்சு. மின்ட்னு ஒரு வகை, பழைய மிசின்லயும் நல்லா ஓடும், காசும் இல்ல. ஒரு பென் டிரைவ்ல ஏத்தி, உள்ள எதையும் அழிக்காம ஓட்டிப் பாக்கலாம். பாக்குறப்ப பாட்டு கேக்காத, பிரிண்டர் வேலை செய்யுதான்னு பாரு. உன் சோறு அந்தப் பிரிண்டர்லதான் இருக்கு.

எந்த வழி போனாலும் பைல் முழுக்க வெளியில கொப்பி எடு. உன் திருவிழா நோட்டீஸ் எல்லாம் பாமினியில அடிச்சது. அந்த எழுத்துருவ எடுத்து வைக்காமப் போனா, மாரியம்மன் வாழ்த்து இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா நிக்கும், பூசாரி உன்ன நிக்க விட மாட்டாரு. 11 போட்டுப் புடிக்கலன்னா பத்து நாளைக்குள்ள 10க்குத் திரும்பி வரலாம். பதினோராம் நாள் வந்து என்கிட்ட அழாத.

இவ்வளவும் சொல்லிட்டேன், நீ ஒண்ணையும் குறிச்சுக்கல. ஏன்னு தெரியும். மிசின் ஏறாதுன்னு யாராவது பெரியவங்க வாயால வந்திட்டாப் போதும், கம்பளையில புது மிசின் ஒண்ண லீசிங்ல எடுக்கலாம்னு ஏற்கனவே பேசி வச்சிட்ட. எடு, நான் தடுக்கல. வெளையாட ஆசை இருந்தா வெளையாடத்தான்னு உங்க அம்மாகிட்ட நேரா சொல்லி எடு. மாசா மாசம் தவணை கட்டுறப்ப விண்டோஸ் மேல பழியப் போடாத. அது பாவம், அதுக்கே ஏகப்பட்ட ஓட்டை.