மெமு மாமா

வேலூர்ச் சீமையில் தெருவுக்கு ஒரு மெமு மாமா உண்டு. ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசராக இருப்பார், அல்லது தோல் மண்டியில் கணக்கு எழுதுவார். வாரத்தில் ஆறு நாள் பெல் அடித்தால் உள்ளே, பெல் அடித்தால் வெளியே. மார்கழி பிறந்து, மின்விசிறியை இரண்டில் வைத்தால் போதும் என்ற நிலை வந்ததும் அவருக்குக் கடல் ஞாபகம் வந்துவிடும்.

"காலைல போனா ராத்திரி வூட்ல இருக்கலாம். ரூம் எதுக்கு? தூங்கறதுக்கா அவ்ளோ தூரம் போறோம்?"

கடல்மேல் அவருக்கு இருக்கும் பிரியத்தைக் கேலி செய்யக்கூடாது. சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணியில்லாத ஆறு என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-ல் சாமி வந்துவிட்டார். ராஜா இனி வரப்போவதில்லை, வந்தாலும் ஓட்டுப் போடமாட்டோம். பாலாற்றில் மட்டும் 2021 நவம்பரில் வந்ததுபோல எப்போதாவது ஒரு வெள்ளம் வரும். மற்ற நாளெல்லாம் மணல், சீமைக்கருவேலம், தோல் ஷாப்பு வாசனை. இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவருக்கு, மோட்டார் போடாமலே இத்தனை தண்ணீர் கண்ணெதிரே கிடப்பது சாதாரண விஷயமா?

அவருடைய வாகனம் வேலூர் கண்டோன்மென்ட் வழியாகச் சென்னை பீச்சுக்குப் போகும் மெமு ரயில். 2024 மே மாதம் அதைத் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். அப்போது அங்கிருந்து பீச் வரைக்குமே டிக்கெட் 50 ரூபாய்தான். வேலூரில் ஏறினால் அதிலும் குறைவு. கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகளின் குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய் ஆகியிருந்த காலத்தில் மாமா துக்கம் காத்தார். 2024-ல் அது மறுபடி 10 ரூபாய்க்கு இறங்கிய அன்று தெருவெல்லாம் அந்தச் செய்தியைச் சொன்னார். இனிப்பு கொடுத்தாரா என்று கேட்காதீர்கள்.

அந்த வண்டிக்கு அவர் சரித்திரமும் வைத்திருக்கிறார். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. "வெள்ளக்காரன் மொத மொத தண்டவாளம் போட்டது கடலுக்கும் நம்ம ஊருக்கும்தான். அவனுக்கே தெரிஞ்சிருக்குது பாரு" என்பார். அவன் போட்டது மாமாவின் பிக்னிக்குக்காக இல்லை என்று சொல்லிப் பயனில்லை.

புறப்பாட்டைப் பார்க்கக் கண் வேண்டும். விடிவதற்கு முன்னமே பிளாட்பாரத்தில் குரங்கு குல்லா, ஸ்வெட்டர், கழுத்தில் துண்டு, காலில் மட்டும் ரப்பர் செருப்பு. பின்னால் வீட்டு அம்மா, அந்த அம்மாவின் இரண்டு தங்கைகள், ஒரு சின்னப் பையன். பைகளில் புளிசோறு, உருளைக்கிழங்கு வறுவல், முறுக்கு டப்பா, ஐந்து பாட்டில் தண்ணீர். அரக்கோணம் தாண்டும்போதே வெயில் ஏறிவிடும். அப்புறம் அந்த ஸ்வெட்டர் நாள் முழுக்க அவர் தோளில் தொங்கும். கழற்றி வீட்டு அம்மாவிடம் கொடுக்கப் பார்ப்பார். அந்த அம்மாவுக்கு இரண்டு கையிலும் பை.

பீச் ஸ்டேஷனில் இறங்கியதும் முதன்முறை வருபவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு.

"மாமா, கடல் எங்க?"

"தோ, அந்தச் செவுத்துக்கு அந்தாண்ட."

சுவர் துறைமுகத்தினுடையது. எதிரே பர்மா பஜார். பேரில் மட்டும்தான் பீச். பையனின் முகம் வாடும். மாமாவுக்கு அதில் வருத்தமில்லை, நிஜமான கடலுக்குப் போகும் வழி கைவசம் இருக்கிறது. பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணிக்குப் போகலாம், தலைக்கு 5 ரூபாய். ஆனால் பிங்க் முகப்பு போட்ட சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். மூன்று பெண்கள் என்றால் 15 ரூபாய் மிச்சம். கொழுந்தியாள்கள் மீது அவருக்கு மார்கழியில் பொங்கும் பாசத்தின் ரகசியம் இதுதான் என்பது என் சந்தேகம். அந்த 15 ரூபாய்க்காக முக்கால் மணி நேரம் பஸ் ஸ்டாப்பில் நிற்பார்கள். ஏசி பஸ் வரும், டீலக்ஸ் வரும். ஒவ்வொன்றையும் மாமா கையசைத்து அனுப்பி வைப்பார், ஏதோ அவர் கொடியசைத்துத் துவக்கி வைத்த சேவை மாதிரி.

மெரினாவில் சாப்பாடு உழைப்பாளர் சிலை பக்கம். சிற்பி ராய் சௌத்ரி வடித்த சிலை. 1959 முதல் நான்கு பேர் ஒரு பாறையை நெம்பிக்கொண்டே இருக்கிறார்கள். மாமா புளிசோற்றை உருட்டியபடி அதைச் சுற்றிப் பார்ப்பார். "நாலு ஆளு வேல செய்யறான். சூப்பர்வைசரக் காணோமே?"

கலங்கரை விளக்கத்தில் மேலே ஏறிப் பார்க்க டிக்கெட் உண்டு. "மேல ஏறிப் பாத்தாலும் இதே கடல்தானே" என்று கீழேயே நிறுத்திவிடுவார். குதிரை சவாரி கிடையாது. குதிரைக்காரர் வேறு பக்கம் பார்க்கும்போது பையனைக் குதிரையோடு சேர்த்து ஒரு போட்டோ உண்டு. சுண்டல் ஒரு பொட்டலம், ஐந்து பேருக்கு. திருவல்லிக்கேணிப் பக்கம் நடந்தால் 'ஆம்பூர் பிரியாணி' என்று போர்டு தெரியும். அதன் விலைப்பட்டியலைப் படிக்கும்போது மட்டும் மாமாவின் குரல் உயரும்: "சீரக சம்பா வாசனையே வரல. இதுக்குக் கத்திரிக்கா வேற தனிக் காசாம்!" சாப்பிடாமலே இவ்வளவு கோபப்படக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

கடைசியாக ராயப்பேட்டைப் பக்கம் ஒரு மால். உள்ளே நுழையக் காசு இல்லை, குளிர் இருக்கிறது, கழிவறை சுத்தமாக இருக்கிறது. அவர் கணக்கில் இது டிக்கெட் இல்லாத ஏலகிரி. ஸ்வெட்டர் மறுபடி உடம்பில் ஏறுவதும் இங்கேதான்.

அங்கே ஒரு செருப்புக் கடை முன்னால் மாமா நிற்பார். வெளிநாட்டுப் பேர், மஞ்சள் விளக்கு, ஒரு ஜோடி 8,999 ரூபாய். கடைப் பையனின் பார்வை முதலில் விழுவது அவருடைய ரப்பர் செருப்பில். மாமா அதைக் கவனிக்கமாட்டார். ஷூவை எடுத்து மூக்கருகே கொண்டுபோவார். முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தி மடக்கி, சுருக்கம் எப்படி விழுகிறது, விட்டால் எப்படி மறைகிறது என்று பார்ப்பார். நாக்கை இழுத்து உள் லைனிங்கைத் தடவுவார். தையலை நகத்தால் எண்ணுவார்.

"சார், ஃபுல் கிரெயின் லெதர்" என்பான் பையன்.

"யாரு சொன்னா? இது கரெக்டட் கிரெயின் தம்பி. மாட்ட உண்ணி கடிச்ச தழும்ப தேய்ச்சுட்டு மேல ஃபினிஷ் அடிச்சிருக்கான். ஸ்கைவிங்கும் சரியில்ல, பாரு, ஓரம் தடியா நிக்குது. நம்ம லைன்ல இது பாஸ் ஆகாது."

பையன் மேனேஜரைக் கூப்பிடுவான். மேனேஜர் வந்து பத்து நிமிஷம் கைகட்டிக் கேட்பார். அந்தப் பத்து நிமிஷம் அந்த மாலில் மாமாவைவிடப் பெரிய மனுஷர் கிடையாது. வீட்டு அம்மா மெல்ல, "ஏங்க, உங்க மாசச் சம்பளத்துல பாதிங்க இது" என்பார். மாமா ஷூவைத் துடைத்து, வலதும் இடதும் ஜோடி பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்.

இவரைக் கஞ்சன் என்று தெருவில் சொல்லுகிறார்கள். நான் ஒப்பமாட்டேன். கஞ்சன் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பான். இவர் போகிறார், மூன்று பெண்களையும் ஒரு பையனையும் கடல் காட்டிக் கூட்டிவருகிறார். புதுச்சேரிக்கு ரூம் போட்டுப் போய், திரும்பி வந்து மூன்று மாதம் தவணை கட்டும் பக்கத்து வீட்டுத் தம்பியைவிட நிம்மதியாகத் தூங்குகிறார்.

திரும்பும் மெமு பீச்சிலிருந்து மாலை 6 மணிக்கு. நான்கு மணிக்கே மாமா பிளாட்பாரத்துக்கு வந்து காத்திருப்பார். நீங்கள் 5.55-க்கு ஓடிவந்து ஏறி, ஜன்னலோர சீட்டில் ஆள் இல்லை, ஒரு ஸ்வெட்டர் மட்டும் கிடக்கிறது என்று கண்டால், தயவுசெய்து அதை நகர்த்தி உட்கார்ந்துவிடாதீர்கள். அவர் குழாயில் பாட்டில் பிடிக்கத்தான் இறங்கியிருக்கிறார். காட்பாடி வரைக்கும் பேச்சு கேட்க வேண்டிவரும்.