ஜாம்பி சாத்திரம்: ஒரு கடாவிடை

செத்தவர் எழுந்து வந்து கடித்தால் என்ன செய்வது என்ற கேள்வியை அறிஞர் உலகம் கண்டுகொள்ளவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. 2009இல் ஒட்டாவா நகரக் கணிதவியலாளர் நால்வர் ஜாம்பித் தொற்றுக்குச் சமன்பாடுகள் எழுதி, உடனே அடி, ஓங்கி அடி, அடிக்கடி அடி, இல்லையேல் மனித குலம் மிஞ்சாது என்று முடிவு கண்டார்கள். 2011இல் அமெரிக்க ராணுவத்தின் வியூகக் கட்டளையகம் ‘கான்பிளான் 8888’ என்ற ஜாம்பி எதிர்ப்புத் திட்டத்தைத் தீட்டியது. இளம் அதிகாரிகளுக்குத் திட்டமிடும் பயிற்சி வேண்டும். நிஜ நாட்டின் பெயரைப் போட்டால் வம்பு. ஜாம்பிக்குத் தூதரகம் கிடையாது. வேடிக்கைக்கு எழுதியதன்று என்ற முன்குறிப்போடு, ஜாம்பிகளை அது வகை பிரிக்கிறது. அவற்றுள் உண்மையில் இருப்பதாக நிரூபணமானது ஒன்றே: கோழி ஜாம்பி. முட்டையிடுவது நின்றுபோய், நச்சுவாயு செலுத்திப் புதைக்கப்பட்ட கிழட்டுக் கோழிகள் சில, சாகாமல் மண்ணைக் கிளறிக்கொண்டு வெளியே வந்துவிட்டனவாம்.

இத்தனை ஆராய்ந்தும் ஒரு வினா எஞ்சுகிறது. படம் பார்த்தவரும் கேம் ஆடியவரும் நிஜ ஆபத்தில் பிழைப்பாரா?

பிழையார் என்பது முதல் கட்சி. என்னை? பாடமே கோளாறு ஆகலான். ‘ரெசிடென்ட் ஈவில்’ 1996 முதல் போதித்துவரும் வைத்தியத்தில் பச்சை மூலிகை காயம் ஆற்றும், சிவப்பைக் கலந்தால் வீரியம் கூடும். அரைப்பு, காய்ச்சுதல், பத்தியம் எதுவும் இல்லை. 2013இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இன்னும் சிக்கனம்: கொஞ்சம் துணி, கொஞ்சம் ஆல்கஹால் இருந்தால் முதலுதவிப் பெட்டி தயார். அதே துணி, அதே ஆல்கஹால் இருந்தால் எரிகுண்டும் தயார். பதற்றத்தில் ஒன்றுக்கு ஒன்று மாறினால் நோயாளி கதி என்ன என்பதில் கேம் மௌனம் சாதிக்கிறது. ஜாம்பித் தொலைக்காட்சித் தொடர்களிலோ உலகம் அழிந்து பல சீசன் ஆன பிறகும் சாவியைத் திருப்பியதும் கார் உறுமுகிறது. பெட்ரோல் மாதக்கணக்கில் தேங்கினால் பிசின் கட்டிக் கெட்டுப்போகும் என்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த சங்கதி.

அற்றேல், 2007இல் வட கரோலினா நெடுஞ்சாலையில் நடந்ததற்கு விடை என்னை? கவிழ்ந்த வண்டியிலிருந்து இருவரை இழுத்துப்போட்டு, ஒருவரின் இரு விரல் இழந்த கையைத் துணியால் அழுத்தி உயர்த்திப் பிடிக்கச் சொல்லி ரத்தத்தை நிறுத்தியவர், அதை ‘அமெரிக்காஸ் ஆர்மி’ என்ற வீடியோ கேமில் கற்றதாகச் சொன்னார். அந்த கேமில் ஜாம்பி கிடையாது. ஆனால் மருத்துவ வீரராக ஆட விரும்பியவர் முதலில் வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டுத் தேர்விலும் தேற வேண்டியிருந்தது. நம் துணிபு இங்கேதான் பிறக்கிறது: விறுவிறுப்பான இடம் ஒன்றும் கற்பிப்பதில்லை. கொட்டாவி வரும் இடத்தில்தான் சரக்கு.

ஜாம்பி வகையில் இதற்குச் சான்று ‘பிராஜெக்ட் ஸாம்பாய்ட்’. கென்டக்கியில் நடக்கும் இந்த கேமில் சில நாளிலோ சில வாரத்திலோ கரண்ட் போகும், குழாயில் தண்ணீர் நிற்கும். அதற்குள் கிடைத்த பாத்திரத்திலெல்லாம் பிடித்து வைக்க வேண்டும். மழைத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடித்தால் படுக்கைதான். (மோட்டார் ஓடும்போதே குடம் நிரப்புகிற சென்னைவாசி இதற்கென்று கேம் வாங்க வேண்டியதில்லை.)

கொட்டாவிப் பாடத்தை ஜாம்பியில் பொதிந்து கொடுக்கும் இந்த நுட்பத்தைத்தான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் கையாண்டது. 2011 மே மாதம் ஜாம்பிப் படையெடுப்புக்குத் தயாராவது எப்படி என்று அது எழுதியதும் கூட்டம் தாங்காமல் இணையப் பக்கமே படுத்துவிட்டது. உள்ளே இருந்ததெல்லாம் புயலுக்கும் பூகம்பத்துக்கும் எப்போதும் சொல்வதுதான்: ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர், மருந்து, ஆவணங்கள். ஜாம்பி கடித்தால் முதலுதவிப் பெட்டியால் பயனில்லை, சாதாரண வெட்டுக்காயத்துக்கு ஆகும் என்ற நேர்மையும் அதில் இருந்தது.

பலன் உண்டா? கோவிட் காலத்தில் 310 பேரிடம் கேட்டு 2021இல் வெளியான ஓர் ஆய்வு, ஜாம்பி, உலக அழிவு வகைப் படங்களின் ரசிகர்கள் தொற்றுக்கு முன்னேற்பாட்டோடு இருந்ததாகச் சொல்கிறது. படம் பார்த்து உஷாரானார்களா, உஷாரானவர்கள்தான் அப்படங்களைத் தேடிப் போகிறார்களா என்பது அதில் தெளியவில்லை. தவிர, எல்லாம் அவரவர் வாய்மொழி. யார் வீட்டு அலமாரியையும் திறந்து அரிசி எத்தனை கிலோ என்று பார்க்கவில்லை.