மான் சீசனும் மருமகன் துப்பாக்கியும்

பென்சில்வேனியா

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் மச்சினன் இங்கே சௌக்கியம். ஊரே மான் வேட்டைப் பேச்சாகக் கிடக்கிறது. தேங்க்ஸ்கிவிங் முடிந்த திங்கட்கிழமை வேட்டை தொடங்குவது 1963 முதல் வழக்கம். 2019-இல் அதைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். ஆனாலும் அந்தத் திங்களன்று பல பள்ளிக்கூடங்கள் இன்னும் திறப்பதில்லை. தீபாவளிக்கு லீவு கேட்டால்தான் யோசிக்கிறார்கள்.

பக்கத்து வீட்டில் மாமனாருக்கும் மருமகனுக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. காரணம், துப்பாக்கி.

மருமகன் வாங்கியது ரூகர் 10/22. 1964-இல் வந்த மாடல், பத்து ரவுண்டு பிடிக்கும், புதிதாகச் சுடப் பழகுகிறவர்கள் விரும்பி வாங்குவது. அதன் குழலைப் பிடித்திருப்பவை இரண்டே திருகுகள். ஆலன் கீ இருந்தால் சமையலறை மேசையிலேயே கழற்றிவிடலாம். சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி என்பது நம்பர் பொறித்த நடுப்பகுதி மட்டும்தான். மற்றதெல்லாம் வாசலுக்கே பார்சலில் வரும். வந்தது. கனத்த குழல், அடுக்குமரக் கட்டை, புது டிரிக்கர். கடையில் வாங்கியதில் இப்போது மிச்சம் அந்த நம்பர்தான். டிவிஎஸ் எக்ஸெலுக்கு புல்லட் சைலன்சர் மாட்டிய கதை. இத்தனைக்கும் பிறகு அதை வைத்து மானைச் சுட முடியாது; .22 ரிம்ஃபயர் தோட்டா இந்த மாநிலத்தில் மானுக்கு ஆகாது. அணிலுக்கு ஆகும். இந்த ஊர் அணிலின் முதுகில் கோடு கிடையாது, ராமர் தடவாத ஜாதி போலும்.

மாமனார் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடையது சாவேஜ் ஆக்சிஸ் 2, கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது. ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கும் பிளாஸ்டிக் கட்டைக்கும் நடுவே நுழைத்து, கடைசிவரை இழுத்துப் பார்ப்பார். தடுக்காமல் போனால் சரி. கட்டை குழலில் இடித்தால் குறி தவறும். மிச்சக் காசெல்லாம் தோட்டாவுக்கு. ஆள் தேறாமல் துப்பாக்கி தேறி என்ன பயன் என்பது அவர் கட்சி. மச்சினன் ஓட்டும் அவருக்கே, டிரிக்கர் விஷயம் நீங்கலாக. 10/22-இன் டிரிக்கர் கனம். இழுக்கிற இழுப்பில் முனை அசைந்துவிடும். ரூகரே மூன்று பவுண்டுக்குள் இழுபடும் மாற்று டிரிக்கர் விற்கிறது. மருமகன் அதோடு நிறுத்தியிருந்தால் மாமனாரே முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார். ஆக்சிஸ் 2-இலோ இழுப்பைக் கூட்டிக் குறைக்கும் வசதி கூடவே வந்துவிடுகிறது.

மச்சினன் ஆசைப்பட்டால் மட்டும் போதாது, அத்தான். எச்-1பி விசாக்காரர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது இங்கே மத்திய அரசுச் சட்டம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. நம் ஊரில் 1972 சட்டப்படி மானைச் சுட்டால் ஜெயில். இங்கே மானைச் சுடுகிறேன் என்று சீட்டு வாங்கினால்தான் துப்பாக்கியையே தொடலாம். சீட்டுக்கு முன்னால் பாதுகாப்பு வகுப்பில் தேற வேண்டும். காட்டுக்குள் போக, தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் பளிச்சிடும் ஆரஞ்சு உடுத்த வேண்டும்.

மாமனார் தன் பழைய ஆரஞ்சு கோட்டைத் தருகிறேன் என்கிறார். மருமகனோ, கழற்றிப் போட்ட கம்பெனிக் குழலையும் கட்டையையும் பாதி விலைக்குத் தள்ளிவிடப் பார்க்கிறார். நடுப்பகுதிக்கு எங்கே போவது என்று கேட்டால், “அதை மட்டும் கடையில் வாங்கிக்கொள், மற்றதை மாற்றிக்கொள்ளலாம்” என்கிறார்.

அக்காவிடம் வகுப்பைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மச்சினன்